தனியே ஓடிய குளம்பொலி

நொச்சிப்புதூரில் ஒரு மட்டக்குதிரையின் குளம்பொலி குதிரையை விட்டுவிட்டுத் தனியே ஓடியது, பங்குனி நோம்பித் திருவிழாவின் நிறைவு நாளன்று, வெயில் சாயத் தொடங்கிய வேளையில். பார்த்தவர்கள் என்று யாரையும் சொல்வதற்கில்லை. பார்ப்பதற்கு அதில் ஒன்றும் இருக்கவில்லை. கேட்டவர்கள் ஊர் முழுவதும் இருந்தார்கள். அவர்களில் பொய் சொல்லும் பழக்கமில்லாதவர்கள் சிலரும் உண்டு என்பதால், நடந்ததை நடந்தபடியே சொல்லிவிடலாம்.

அந்த ஊரில் மாரியம்மன் கோயில் வாசலில் தொடங்கும் தார்ச்சாலை, துளசிமணியின் டீக்கடையைத் தாண்டி, வாய்க்கால் பாலத்தைத் தாண்டி, பழைய அரிசி ஆலை வரைக்கும் கோணல் இல்லாமல் போகும். வருடம் முழுவதும் தறித்துணி மூட்டைகளைச் சுமக்கும் அந்தச் சாலை, நோம்பியின் கடைசி நாளில் குதிரைகளுக்கு உரியதாகிவிடும். ஆலை முன்னால் உருட்டி வைத்த தார் டிரம்மைச் சுற்றிக்கொண்டு திரும்பிக் கோயில் வாசலுக்கு முதலில் வரும் ரேக்ளா வண்டி வென்றதாகும். பெரிய குதிரைக்கு ஓர் ஓட்டம், நடுக்குதிரைக்கு ஓர் ஓட்டம், எல்லாவற்றுக்கும் முன்னால் புதுக்குதிரைக்கு ஓர் ஓட்டம். புதுக்குதிரை ஓட்டத்துக்கு மட்டும் இரண்டு வழக்கங்கள் இருந்தன. வண்டியில் அந்த வீட்டுக் குழந்தை ஒன்றுதான் உட்கார்ந்து லகானைப் பிடிக்க வேண்டும். புறப்பட்ட வண்டிகள் அத்தனையும் திரும்பி வந்து, அத்தனை குதிரைகளின் குளம்பிலும் அம்மனின் மஞ்சள் நீரை ஊற்றி முடிக்கும் வரைக்கும் கோயில் வாசல் கம்பத்தில் ஏற்றிய கொடியை இறக்கக் கூடாது. முதல் வழக்கத்துக்குக் காரணம் எடை என்று எல்லோருக்கும் தெரியும். இரண்டாவதற்குக் காரணம் யாருக்கும் தெரியாது. வந்து சேர்ந்த குதிரைகளுக்கு ஊற்றுவதற்கே எப்போதும் நேரம் போதாமல் இருந்ததால் யாரும் அதைப் பற்றி யோசித்ததுமில்லை.

நான்கு தறி வைத்திருந்த சென்னியப்பன் சிறுவனாக இருந்தபோது அந்த ஓட்டத்தில் லகான் பிடித்தவர். அன்று அவருடைய வண்டி கடைசியாக வந்தது. ஊர் அவருக்குக் கடைசியப்பன் என்று பெயர் வைத்தது. அவருக்குக் கல்யாணமாகி, தறி போட்டு, மீசை நரைத்த பிறகும் கோயில் விழாக்குழுத் தலைவர் ராக்கியண்ணன் நோம்பிக்கு நோம்பி ஒலிபெருக்கியில் அந்தப் பெயரைச் சொல்லிச் சிரிப்பதை விடவில்லை. முறைக்கு மாமன் என்பதால் சென்னியப்பனும் கூடச் சேர்ந்து சிரிக்க வேண்டியிருந்தது. ஒரு பெயரைச் சுமந்துகொண்டு அதற்காகச் சிரிக்கவும் வேண்டியிருந்தால் மனிதன் அவசரக்காரனாகிறான்.

ஆடி மாதம் அந்தியூர்ச் சந்தைக்குப் போனவர், ரொட்டிக்கடை ரஸ்க்கின் நிறத்தில், பால்பல் விழாத ஒரு மட்டக்குதிரையை வாங்கி வந்தார். விற்ற தரகர் கயிற்றைக் கைமாற்றும்போதே சொன்னார்: "இது இன்னும் பச்சப்புள்ளைங்க. ஒரு வருசம் சும்மா காத்தாட உட்டுருங்க. ரோடு பாக்கட்டும், பஸ்சு பாக்கட்டும்."

"சும்மா உடறதுக்கு நானு ஆட்டுக்குட்டி வாங்கீருப்பனே," என்றார் சென்னியப்பன்.

அவர் அதற்கு மின்னல் என்று பெயர் வைத்தார். அவருடைய ஒரே மகள், நாலாம் வகுப்பு படிக்கும் சங்கவி, அதை ஒரு தடவை சுற்றிவந்து பார்த்துவிட்டு ரஸ்க் என்று கூப்பிட்டாள். குதிரை இரண்டாவது பெயருக்குத்தான் காதைத் திருப்பியது.

பங்குனிக்குள் அதற்கு லாடம் அடித்தார்கள், சேணம் பழக்கினார்கள், வண்டியில் பூட்டினார்கள். வேறு குதிரைகளுக்கு வருடக்கணக்கில் நடப்பது அதற்கு வாரக்கணக்கில் நடந்தது. நோம்பியன்று வண்டியில் சங்கவி உட்கார்ந்தாள், வெடி போட்டார்கள், வண்டிகள் பாய்ந்தன. சென்னியப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சாலை ஓரமாக ஓடிக்கொண்டே "வெசயா, கண்ணு, வெசயா" என்று மகளையா குதிரையையா என்று தெரியாதபடி விரட்டினார். துளசிமணியின் கடைக்கு எதிரே வந்ததும், வீட்டில் எதையோ மறந்து வைத்துவிட்டது நினைவுக்கு வந்ததைப்போல, மட்டக்குதிரை நின்றது. அதன் குளம்பொலி நிற்கவில்லை. அது அதே வேகத்தில், அதே கால்வரிசையில், நின்ற குதிரையையும் லகானைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்த குழந்தையையும் விட்டு முன்னே போயிற்று. முன்னால் போன வண்டிகளை ஒவ்வொன்றாகத் தாண்டிற்று. பாலத்தின் மேல் ஏறும்போது பாலத்துக்குரிய வெற்றோசை கேட்டது. ஆலை முன்னால் டிரம்மைச் சுற்றிக்கொண்டு திரும்பிற்று. எல்லா வண்டிகளுக்கும் முன்னதாகக் கோயில் வாசலைக் கடந்தது. வாசலில் கைக்கொடி பிடித்திருந்தவர் பழக்கத்தில் அதை அசைத்துவிட்டார்.

"யாருது வந்துச்சு?" என்று ராக்கியண்ணன் ஒலிபெருக்கியில் கேட்டார்.

"நம்ம சென்னியப்பனுதுங்க."

"குதிரை எங்கப்பா?"

"குதிரை இன்னும் வரலீங்க. சத்தம் மட்டும் வந்துருக்குது."

விழாக்குழு வேப்பமரத்தடியில் கூடிப் பேசிற்று. வண்டியும் குழந்தையும் இல்லாமல் வந்த சத்தத்துக்குப் பரிசு கொடுக்க வழக்கம் இடம் கொடுக்கவில்லை என்று தீர்ப்பாயிற்று. அது முதலில் வந்தது என்பதை யாரும் மறுக்கவுமில்லை. குதிரையைக் கயிறு பிடித்து நடத்திக் கொண்டுவந்து, மற்றக் குதிரைகளோடு சேர்த்து மஞ்சள் நீர் ஊற்றினார்கள். பிறகு அது வீட்டுக்கு நடந்து போனது. இரும்பு லாடம் தார்ச்சாலையில் படுகிறது, கேட்பதற்கு எதுவுமில்லை. பஞ்சுப் பொதியின் மேல் பஞ்சு விழுவதைப்போல அந்த நாலு கால்களும் விழுந்து எழுந்தன.

மறுநாள் அதே வேளையில் குளம்பொலி மறுபடியும் கோயில் வாசலில் புறப்பட்டது. அதற்கு மறுநாளும் புறப்பட்டது. அன்று முதல் எல்லா நாளும் புறப்பட்டது, ஆலை வரை ஓடிற்று, திரும்பி வந்தது. வழியில் எவரையும் இடிக்கவில்லை, எதற்காகவும் நிற்கவில்லை.

ஊர் இதற்குப் பழகிக்கொண்ட விதம் எந்த ஊரும் எதற்கும் பழகிக்கொள்ளும் விதம்தான். முதல் வாரம் நாய்கள் அதைத் துரத்தின, இரண்டாம் வாரம் தலையைத் தூக்கிப் பார்த்தன, பிறகு அதுவுமில்லை. தள்ளுவண்டிக்காரர்கள் சத்தம் வரும் வேளைக்கு வண்டியை ஓரங்கட்டினார்கள். டவுன் பஸ் ஓட்டுநர் பாலத்துக்கு இப்பாலேயே நிறுத்திக்கொண்டு அதைப் போகவிட்டு வந்தார். தறிக்கு வரும் பெண்கள் அது போகும்போது டீக்குப் போய், அது திரும்பும்போது தறிக்குத் திரும்பினார்கள். துளசிமணி, சத்தம் தூசி கிளப்பாது என்று தெரிந்தும், அது வரும் முன்னால் கடைக்கு எதிரே தண்ணீர் தெளித்தாள். "நம்ம கடைக்கு மின்னாடிதானே அது பொறந்துச்சு," என்று அதற்குக் காரணமும் சொன்னாள்.

பிறகு ஊர் அதை மெச்சத் தொடங்கிற்று. கேடு தொடங்கியது அங்கேதான். குதிரை வைத்திருந்தவர்கள் மாலை நேரத்தில் தங்கள் வண்டிகளைப் பூட்டி அந்தச் சத்தத்தோடு ஓட்டிப் பார்த்தார்கள். ஒரு குதிரைகூட அதை முந்தவில்லை. வாயில் நுரை தள்ளியபடி குதிரைகள் வீடு திரும்பின. ராக்கியண்ணனின் பெரிய குதிரை மாதக்கணக்கில் இருமிற்று. ஆனாலும் அவர் "பாலம் வரைக்கும் நம்முளுது சரிக்குச் சரியா போச்சு" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார். வீடுகளுக்குள்ளும் அது புகுந்தது. படிக்க உட்கார்ந்த பிள்ளை ஜன்னல் பக்கம் பார்த்தால், "அந்தச் சத்தத்தக் கேளு, எங்கியாச்சும் நிக்குதா அது?" என்றார்கள். பால் கறக்கத் தாமதித்த மருமகளிடமும் அதையே சொன்னார்கள். காலும் வயிறும் களைப்பும் இல்லாத ஒன்று அந்த ஊரின் முதல் மாணவன் ஆயிற்று. காலும் வயிறும் களைப்பும் உள்ளவர்கள் எல்லாம் அதற்குப் பின்னால் நின்றார்கள்.

சென்னியப்பனுக்கு மட்டும் அந்தச் சத்தம் பெருமையாகவும் இல்லை, பொறுக்கும்படியாகவும் இல்லை. லாடத்தைக் கழற்றிப் பார்த்தார், மாற்றி அடித்துப் பார்த்தார். சத்தத்தைப் பிடித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று மாலையில் மட்டக்குதிரையைக் கோயில் வாசலுக்குக் கொண்டுபோய், சத்தம் புறப்படும்போது விரட்டிப் பார்த்தார். குதிரை ஓர் அடி எடுத்து வைக்கவில்லை. சத்தம் போன திசையில் காதை மட்டும் நீட்டிக்கொண்டு நின்றது.

அன்று வீட்டில் சோற்றுக்கு உட்கார்ந்தபோது அவர் முடிவைச் சொல்லிவிட்டார். "அடுத்த நோம்பி வரைக்கும் பாப்பேன். அப்பவும் ஓடலைன்னா தரகன் வண்டியில ஏத்தி உட்டுருவேன். எங்க கொண்டுபோறான்னு கேக்க மாட்டேன்."

"சத்தம் போடாத குதிரைய எவன் வாங்குவான், கறிக்கில்லாம வேற எதுக்கு வாங்குவான்?" என்று கேட்டாள் அவர் மனைவி சாந்தாமணி. கேட்ட பிறகு மகளைப் பார்த்தாள். கேட்டிருக்கக் கூடாது என்று தெரிந்தது.

சங்கவி சோற்றைத் தின்று முடித்தாள், தட்டைக் கழுவி வைத்தாள், பிறகு கேட்டாள்: "நோம்பி வரைக்கும் அது எங்கிட்ட இருக்கட்டுங்களா, அப்பா? நீங்க வர வேண்டாம். நானே கூட்டிட்டுப் போறேன்."

அழுதிருந்தால் அவர் மறுத்திருப்பார். அவள் அழவில்லை.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு புறப்படுவாள். எங்கே போவது என்பதைத் தீர்மானிப்பதில்லை. குதிரை நடக்கும் வரை நடந்தாள், நின்றால் நின்றாள், நின்ற இடத்தில் புல் இருந்தால் உட்கார்ந்து பாவாடை மடியிலிருந்த வறுத்த புளியங்கொட்டையைக் கடித்தாள். கயிற்றை ஒருபோதும் இழுக்கவில்லை. குதிரை சாக்கடை மூடியைக் கண்டு பயந்தது. வேலியில் மாட்டிய பிளாஸ்டிக் பையைக் கண்டு பயந்தது. எல்லாவற்றையும்விட வாய்க்கால் பாலத்தைக் கண்டு பயந்தது. சாக்கடை மூடிக்கு முன்னால் அவர்கள் நின்ற நிற்பில் அந்தத் தெருப் பெண்கள் சங்கவிக்கு முறுக்குக் கொடுத்துப் பேசிப் பழகிவிட்டார்கள். ஒருநாள், யாரும் எதுவும் சொல்லாமலே, குதிரை அதை மிதித்துக்கொண்டு போனது. சங்கவி அதைத் தட்டிக்கொடுக்கவுமில்லை, கொண்டாடவுமில்லை. சாக்கடை மூடி மிதிப்பதற்கு உரியதுதான் என்று அவளும் நினைத்தாள், குதிரையும் நினைத்தது.

சத்தமில்லாத குதிரை பின்னால் வந்து நின்றால் மனிதர்கள் திடுக்கிடுகிறார்கள். சாந்தாமணி அதன் கழுத்தில் ஒரு சலங்கை கட்டிவிட்டுப் பார்த்தாள், சலங்கை அசைந்ததும் குதிரை அசையாமல் நின்றுவிட்டது, கழற்ற வேண்டியதாயிற்று. அதனால் சங்கவியே குதிரைக்குச் சத்தமானாள். திருப்பங்களிலும் வாசல்களிலும் "வர்றோமுங்க" என்று சொல்லிக்கொண்டே நடந்தாள். உரக்கச் சொல்லவில்லை, சொல்லாமலும் இல்லை. "வர்றோமுங்க" என்ற குரல் கேட்டால் கோலம் போட்டுக்கொண்டிருப்பவள் கையை எடுத்துக்கொள்வாள், சைக்கிள்காரர் ஓரம் போவார், சிறிது நேரம் கழித்து ரஸ்க் நிறக் குதிரையும் ஒரு சிறுமியும் வருவார்கள், போவார்கள்.

இருட்டுவதற்குள் திரும்பி வந்தால், தறி ஷெட் வாசலில் சென்னியப்பன் நின்றுகொண்டிருப்பார். கேள்வி ஒன்றுதான்.

"இன்னிக்கு ஓடுச்சா?"

"வாய்க்கா வரைக்கும் வந்துச்சுங்க."

"ஓடுச்சான்னு கேட்டேன்."

"இல்லீங்க."

வருடம் முழுவதும் இதே கேள்வி, இதே பதில். ஐப்பசி மழையில் குதிரை பாலத்தில் முன்னங்கால் இரண்டையும் வைத்துவிட்டுத் திரும்பிற்று. அன்றும் அதே கேள்வி. கார்த்திகையில் பாலத்தின் நடுவில் நின்று, கீழே ஓடும் தண்ணீரைச் சிறுமியும் குதிரையும் நெடுநேரம் பார்த்தார்கள். அன்றும் அதே கேள்வி. தையில் பாலத்தைக் கடந்து அக்கரைத் தோட்டத்து வாழையிலையைக் கடித்துவிட்டு வந்தது. "ஓடுச்சான்னு கேட்டேன்" என்றார் அவர். சங்கவிக்கு அந்தக் கேள்வியில் பதில் சொல்வதற்கான இடமே இருக்கவில்லை. அவளிடம் இருந்தவை எல்லாம் அந்தக் கேள்விக்கு வெளியே இருந்தன.

மாசி மாதத்தில் ஒருநாள் வாய்க்காலில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த குதிரை, பாதியில் தலையைத் தூக்கிற்று. பாலத்தின் மேல் குளம்பொலி போய்க்கொண்டிருந்தது. சங்கவியும் கேட்டாள். அன்று அவளே தந்தையிடம் முதலில் பேசினாள்.

"அப்பா, அதுக்கு எளப்பு வாங்குதுங்க."

"எதுக்கு?"

"சத்தத்துக்குங்க."

சென்னியப்பன் மகளை ஏசவில்லை. குதிரை விஷயத்தில் அவருக்குக் காது உண்டு. பந்தயக் குதிரை எந்தக் காலில் நோவுடன் வருகிறது என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியவர். மறுநாள் நாலு தறியையும் நிறுத்திவிட்டுச் சாலைக்கு வந்து நின்றார். சத்தம் வந்தது, கடந்தது, திரும்பியும் வந்தது. வலது முன்னங்காலின் ஒலி மற்ற மூன்றுக்கும் பின்னால் இழுபட்டது. ஊன்றியும் ஊன்றாமலும் அந்தக் கால் விழுந்தது. ஒரு வருடமாக அந்தச் சத்தம் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு யாரும் புல் போடவில்லை, தண்ணீர் காட்டவில்லை, நிழலில் கட்டவில்லை. ஊர் அதை மெச்சிற்று, பிள்ளைகளுக்குக் காட்டிற்று, தண்ணீரைச் சாலையில் தெளித்தது. அதற்கு ஓடத்தான் சொல்லியிருந்தார்கள். நிற்கச் சொல்லிக் கொடுத்தவர் யாருமில்லை. ஓடச் சொன்னவர் யார் என்பது அவருக்குத் தெரியும். அன்று அவர் இரண்டாம் தரம் சோறு கேட்கவில்லை. சாந்தாமணி கேட்டுப் பார்க்கவுமில்லை.

செய்தி பரவியதும் ஊர் தனக்குத் தெரிந்ததையெல்லாம் செய்து பார்த்தது. ராக்கியண்ணன் சாலை நடுவில் நின்று இரண்டு கையையும் விரித்து, குதிரைகளை நிறுத்தும் குரலில் "ஹோ, ஹோ" என்றார். சத்தம் அவருக்குள் புகுந்து முதுகுப்பக்கமாகப் போயிற்று. அவர் அன்று மாலை முழுவதும் நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தார். பூசாரி பாலத்தின் மேல் மஞ்சள் நீர் தெளித்தார். துளசிமணி ஒரு வாளித் தண்ணீரும் ஒரு கட்டுப் புல்லும் கடை முன்னால் வைத்தாள். அதை ஒரு பசு தின்றது. சத்தம் நொண்டிக்கொண்டே ஓடிற்று.

நோம்பிக்கு ஊரில் கம்பம் நட்ட அன்று சங்கவி சொன்னாள்: "புதுக்குதிரை ஓட்டத்துக்குப் பேர் குடுங்க, அப்பா. போன வருசம் அது போயே சேரலையே, இன்னும் புதுக்குதிரைதானுங்க."

"ஓடுமா?"

"ஓட மாட்டோமுங்க. நடப்போம். டிரம்மு வரைக்கும் அது நடக்கும். திரும்பியும் வரும்."

"கடைசியா வருவே."

"ஆமாங்க."

"ஊரே சிரிக்கும், சாமி. உனக்குத் தெரியாது அது எப்படி இருக்கும்னு. எனக்குத் தெரியும்."

"சிரிக்கற சத்தத்துக்கு ரஸ்க்கு பயப்படாதுங்க. பொட்டிக்கடைக்கிட்ட தெனமும் சிரிக்கறாங்க, பழகிருச்சு."

அவர் பெயர் கொடுத்தார். நோம்பியன்று தானே சேணம் பூட்டினார், வாரை இரண்டு முறை தளர்த்திச் சரிபார்த்தார், வண்டியில் செருகியிருந்த சாட்டையை உருவித் தறி ஷெட் உத்தரத்தில் மாட்டிவிட்டு வந்தார்.

சத்தம் வரும் வேளைக்கு முன்னால் முடித்துவிட, அந்த வருடம் உச்சிவெயிலிலேயே வெடி போட்டார்கள். புதுக்குதிரைகள் பாய்ந்தன. ஒரு வண்டி மட்டும், சத்தமில்லாமல், பால் வாங்கப் போகிறவர்களின் நடையில் புறப்பட்டது. மற்ற வண்டிகள் டிரம்மைச் சுற்றி, திரும்பி, கோயில் வாசலைக் கடந்து, மஞ்சள் நீர் வாங்கி, வென்ற குழந்தையை ஊரார் தோளில் தூக்கி இறக்கியும் முடித்தபோது, அந்த வண்டி துளசிமணியின் கடையைத்தான் தாண்டியிருந்தது.

"கடைசியப்பன் மாப்ளே," என்று ஒலிபெருக்கி கூப்பிட்டது, "உங்கூட்டு வண்டி கெளம்பீருச்சுங்களா, இல்ல இன்னும் காப்பித்தண்ணி குடிக்குதுங்களா?"

ஊர் சிரித்தது. சென்னியப்பன் கொடிக்கம்பத்தடியில் நின்றார். இந்தத் தடவை அவர் கூடச் சேர்ந்து சிரிக்கவில்லை.

நடுக்குதிரைக்காரர்கள் வண்டி பூட்டி நின்றார்கள். கொடியை இறக்கிவிட்டு அடுத்த ஓட்டத்தைத் தொடங்கலாம் என்று விழாக்குழுவில் ஒருவர் சொன்னார். பூசாரி செப்புக்குடத்துக்குள் பார்த்துவிட்டு, "ஒரு குதிரைக்குத் தண்ணி பாக்கி இருக்குதுங்க," என்றார். அவ்வளவுதான் சொன்னார். ஒரு வழக்கத்துக்குக் காரணம் தெரியாதபோது அதை மீறவும் வழி தெரிவதில்லை. நடுக்குதிரைகள் காத்திருந்தன. பெரிய குதிரைகள் காத்திருந்தன. வெளியூரிலிருந்து வந்த ஒறம்பரைச் சொந்தங்கள் காத்திருந்தார்கள். முதலில் கோபம் வந்தது, பிறகு பசி வந்தது, கம்பங்கூழ் ஊற்றினார்கள், குதிரைகளை அவிழ்த்து நிழலில் கட்டினார்கள். பொறுமையில்லாதவர்கள் வண்டி எங்கே வருகிறது என்று பார்க்கப் போனார்கள். போனவர்கள் திரும்பவில்லை, வண்டிக்குப் பின்னால், அதே நடையில், அவர்களும் நடக்கத் தொடங்கியிருந்தார்கள். அப்படி மெதுவாக நடந்து அந்தச் சாலையைப் பார்த்து எத்தனையோ வருடமாயிற்று என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். வாய்க்கால் ஓரத்து ஆலமரத்தில் தேன்கூடு கட்டியிருப்பதை அன்றுதான் ஊர் பார்த்தது.

டிரம்மைச் சுற்றித் திரும்பும் இடத்தில் குதிரை ஒருமுறை நின்றது. சங்கவி லகானைத் தளர்த்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பின்னால் வந்த கூட்டமும் நின்றது. குதிரை டிரம்மை முகர்ந்து பார்த்துவிட்டு மறுபடியும் நடந்தது.

அவர்கள் பாலத்தை நெருங்கியபோது வெயில் சாய்ந்திருந்தது. கோயில் வாசலில், கொடிக்கம்பத்தடியில் நின்ற சென்னியப்பனின் காலடியிலிருந்து, குளம்பொலி புறப்பட்டது. கூட்டம் பழக்கத்தினால் விலகி வழிவிட்டது. நொண்டியபடி, இளைத்தபடி, நிற்கத் தெரியாத அந்தச் சத்தம் கடையைக் கடந்தது, சாலையின் நேர்கோட்டில் போயிற்று, பாலத்தின் இந்தப் பக்கம் ஏறிற்று. பாலத்தின் அந்தப் பக்கம் மட்டக்குதிரை ஏறிற்று. ஒரு வருடமாக ஒன்று ஓடியும் ஒன்று நடந்தும் தனித்தனியே திரிந்த இரண்டும் முதல் தடவையாக எதிரெதிரே வந்தன.

சங்கவி எழுந்து நிற்கவில்லை, கையை விரிக்கவில்லை. திருப்பங்களில் வருடம் முழுவதும் சொன்னதைத்தான், சொன்ன குரலிலேயே, சொன்னாள்.

"வர்றோமுங்க."

சத்தம் நின்றது.

நோம்பிக்காகத் தறிகள் ஓடாத நாள். அப்படியொரு மௌனத்தை அந்த ஊர் கேட்டதில்லை. வாய்க்காலின் தண்ணீர் நகர்வது கோயில் வாசல் வரைக்கும் கேட்டது என்று பிறகு சொன்னார்கள். குதிரை தலையைத் தாழ்த்தி, முன்னால் இருந்த வெறும் காற்றை, டிரம்மை முகர்ந்ததுபோலவே முகர்ந்தது. நெடுநேரம் அப்படியே நின்றது. யாரும் அதை அவசரப்படுத்தவில்லை. அந்தக் கூட்டத்தில் அவசரத்துக்குப் பெயர்போனவர்கள் எல்லாம் இருந்தார்கள். பிறகு குதிரை இடது பின்னங்காலைத் தூக்கி வைத்தது, ஒலி கேட்டது. இடது முன்னங்காலைத் தூக்கி வைத்தது, ஒலி கேட்டது. வலது பின்னங்காலும் ஒலித்தது. வலது முன்னங்காலை அது கொஞ்ச நேரம் தூக்கியபடியே வைத்திருந்து, சூடான பாத்திரத்தைத் தரையில் வைக்கும் கவனத்தோடு கீழே வைத்தது. மெல்லிய, நொந்த ஒலி ஒன்று கேட்டது.

சங்கவி வண்டியிலிருந்து இறங்கிக்கொண்டாள். பாரம் குறையட்டும் என்றுதான். குதிரையின் பக்கத்தில் நடந்து வந்தாள். அதன் நாலு கால்களின் ஒலியும், ஒன்று கொஞ்சம் தாமதமாக, கூடவே வந்தது.

அவர்கள் கொடிக்கம்பத்தைக் கடந்தபோது ராக்கியண்ணன் ஒலிபெருக்கியைக் கையில் எடுத்தார். வருடா வருடம் சொன்னது ஒன்றுதான் வாய்க்கு வந்தது. "கடைசியா வந்தது," என்று ஆரம்பித்தார்.

"எம்பொண்ணுங்க, மாமா," என்றார் சென்னியப்பன். "கடைசியா வந்தது எம்பொண்ணு. பேரு சங்கவி. குதிரை பேரு ரஸ்க்கு. அதையும் சேத்திச் சொல்லுங்க."

ராக்கியண்ணன் சேர்த்துச் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை என்று சொன்னால் பொய். குதிரையின் பெயருக்குச் சிரித்தார்கள்.

பூசாரி குடத்தில் மிச்சமிருந்த நீரைக் குளம்புகளில் ஊற்றினார். ஒரு வருடம் நிற்காமல் ஓடிய அந்த நாலு குளம்புகளிலிருந்தும், தணலில் தண்ணீர் தெளித்ததுபோல, மஞ்சள் மணத்தோடு ஆவி எழுந்தது, நெடுநேரம் எழுந்துகொண்டிருந்தது, பிறகு அடங்கிற்று. கொடியை இறக்கினார்கள். பெரிய குதிரைகளின் ஓட்டத்தை விளக்கு வெளிச்சத்தில் நடத்த வேண்டியிருந்தது. எந்தக் குதிரை வென்றது என்பது இப்போது யாருக்கும் ஞாபகமில்லை.

மறுநாள் மாலை, அந்த வேளையில், டவுன் பஸ் ஓட்டுநர் பாலத்துக்கு இப்பால் வண்டியை நிறுத்திவிட்டு, பிறகு தலையை ஆட்டிக்கொண்டு ஓட்டிப் போனார். துளசிமணி தெளிப்பதற்கு எடுத்த தண்ணீரைச் செடிக்கு ஊற்றினாள். தறிப் பெண்கள் டீக்கு எப்போது போவது என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். சாலை வெறுமையாகக் கிடந்தது. வெகுநேரம் கழித்து, வாய்க்கால் பக்கமிருந்து, நடையில் வரும் குளம்பொலி கேட்டது. இடையிடையே நின்றது, புல் கடிக்கும் அளவுக்கு நேரம் விட்டது, மறுபடியும் தொடர்ந்தது. அதைக் கேட்டு யாரும் வழிவிடவில்லை. வழிவிட வேண்டிய அவசரம் அதில் இல்லை.

சென்னியப்பன் தறி ஷெட் வாசலில் நின்றுகொண்டிருந்தார். சிறுமியும் குதிரையும் வாசலுக்கு வந்தார்கள். வருடம் முழுவதும் கேட்ட கேள்விக்காக அவர் வாய் திறந்தது. சங்கவி பதிலைத் தயாராக வைத்துக்கொண்டு நின்றாள்.

"தண்ணி குடிச்சுதா?" என்றார் அவர்.

அவள் சிறிது யோசிக்க வேண்டியிருந்தது. "குடிச்சுதுங்க. ஆனா பாதியில ஒரு தட்டான்பூச்சிய வேடிக்க பாத்துட்டு மறந்துருச்சு. இன்னங் கொஞ்சம் கேக்கும்."

அவர் வாளியை எடுத்துக்கொண்டு தொட்டிக்குப் போனார்.